பக்கக் கதவுக்கு ஆள் இல்லை

பகல் காட்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தூங்கத்தான் வருவார்கள். எங்கள் இலோயிலோ நகரத்தில் எந்தத் தியேட்டர்காரரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் எழுப்ப மாட்டோம். மின்வெட்டு தொடங்கிய பிறகு, வீட்டுப் புழுக்கம் தாங்காதவர்கள் எங்கள் மின்விசிறிக்காகவே வந்தார்கள். எங்களிடம் ஜெனரேட்டர் இருந்தது.

நான் மேனேஜராகச் சேர்ந்த காலத்தில் திரும்பிய பக்கமெல்லாம் வேலைக்கு ஆள் நிற்கும். அரசாங்கம் கூலியை உயர்த்தும்போதெல்லாம் முதலாளியம்மா தோன்யா பெர்பெத்துவா என்னைக் கூப்பிட்டு விடுவார்.

“கூலி ஏறிடுச்சு, டிக்கெட் ஏறலயேப்பா. இந்தத் தடவ யாரு?”

பெயரை நான்தான் சொல்ல வேண்டும். அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. வேலை போனவர்களுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தனுப்புவார்.

தானே ஓடும் மெஷின் வந்ததும் ஆபரேட்டர்கள் போனார்கள். டார்ச் அடித்து இடம் காட்டுகிறவர்கள் போனார்கள். அப்புறம் கொல்லையில் ஜெனரேட்டரைக் காத்த காவலாளி. அவர் போனதும் டீசல் திருடுபோனது. ஜெனரேட்டரைத் திரைக்குப் பின்னாலுள்ள நடைக்குள் கொண்டுவந்து வைத்தேன். கடைசியில் பக்கக் கதவுக்காரர் எஃப்ரென். அவரும் போனபின் பையன்கள் உள்ளிருந்து கதவைத் திறந்து கூட்டாளிகளை ஓசியில் ஏற்றினார்கள். சங்கிலி போட்டுப் பூட்டினேன். வேறு என்ன செய்ய? டிக்கெட் ஜன்னலில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

எஃப்ரெனை வெறுமனே அனுப்ப மனம் வரவில்லை. எப்போது வேண்டுமானாலும் இலவசமாகப் படம் பார்க்கலாம் என்றேன். மறுநாளே வந்தார், இடுப்பில் பழைய டார்ச்சோடு. சங்கிலியைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன மேனேஜரே, நம்ம ஜனங்க காசு குடுத்து ஜெயிலுக்கு வர்றாங்களா?”

“நீங்க சும்மா படத்தப் பாருங்கண்ணே.”

“பாக்குறேன். ஜெனரேட்டர் புகை உள்ள வருது, தலைய வலிக்குது. கதவக் கொஞ்சம் தொறந்து வைங்க.”

“தொறந்து வச்சா யாரு நிக்கிறது?”

“நாந்தான் நின்னுட்டிருந்தேனே.”

நான் டிக்கெட் ஜன்னலுக்குத் திரும்பிப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, சோற்றுப் பொட்டலங்களோடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். எஃப்ரெனும் வந்தார். காலையிலிருந்தே மின்சாரம் இல்லை, ஜெனரேட்டர்தான் ஓடியது. உச்சி வெயிலில் புதிதாக யாரும் வரவில்லை. முதல் படம் முடிந்தது, ஒருவரும் வெளியே வரவில்லை. இரண்டாவது படமும் முடிந்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை, எங்கள் வழக்கம் அப்படி. குழந்தைகள்கூட அழாமல் இருக்கின்றனவே என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

மாலைக் காட்சிக்கு முதல் டிக்கெட் வாங்கிய பெண்தான் உள்ளே போய்க் கத்தினாள். எல்லாரும் இருக்கையிலேயே இருந்தார்கள், பிள்ளைகள் மடியில். எஃப்ரெனின் உடலை மட்டும் பக்கக் கதவடியில் எடுத்தார்கள். டார்ச் எரிந்துகொண்டிருந்தது. சங்கிலியின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

பக்கக் கதவைத் தட்டிய சத்தம் கேட்டதா என்று இந்த விசாரணையில் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கேட்டது. பையன்கள் என்று நினைத்தேன் எனச் சொல்லலாம். ஆனால் பையன்கள் கையால் தட்டுவார்கள். இது டார்ச்சால் தட்டுவது. ஒன்று, கொஞ்சம் விட்டு இரண்டு. கதவைத் திறக்கலாமா என்று எஃப்ரென் வருஷக்கணக்காக என்னைக் கேட்ட சைகை. எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் அப்போதுதான் மாலைக் காட்சிக்கு ஜன்னலில் வரிசை சேர்ந்திருந்தது. நான் எழுந்துபோனால் டிக்கெட் யார் கொடுப்பது? இன்னோர் ஆள் மட்டும் இருந்திருந்தால், என்னவென்று போய்ப் பார் என அப்போதே அனுப்பியிருப்பேன்.