எரியாத மருந்து

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட எல்லோருக்கும் வராது, டாக்டர். கை லேசாக நடுங்கினாலும் கன்னத்தில்தான் விழும். எனக்கு முதல் நாளே பழகிவிட்டது. அவர் தலையை என் மடியில் வைத்துக்கொள்வேன். கீழ் இமையை ஒரு விரலால் இழுத்துப் பிடித்து மேலே பார்க்கச் சொல்வேன். ஒரே சொட்டு. சிந்தாது.

வேளை தவறாமல் விட்டீர்களா என்று கேட்டீர்கள். காலையும் மாலையும் ஒருநாளும் தவறியதில்லை. இதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் சற்றுமுன் உங்கள் நர்ஸ் அவர் கண்ணில் மருந்து விட்டபோது நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். அவர் வெளியே பெஞ்சில்தான் இருக்கிறார். அவசரமில்லை.

என் வீட்டுக்காரர் பெயர் சமுத்திரம். ராஜபாளையத்தில் பிறந்து, அங்கேயே நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "பேருதான் சமுத்திரம், கம்மாயில கால் நனைக்கப் பயம்" என்று கல்யாணமான புதிதில் கேலி செய்வேன். சிரிப்பார். மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டு ரயிலில் திரும்பும்போது, "இனிமே நாம ரெண்டு பேருதான் காளி" என்றார். அந்த வார்த்தையை நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

கொஞ்ச நாளில் கண்ணுக்குள் அழுத்தம் என்று நீங்கள் கண்டுபிடித்தீர்கள். வலி இருக்காது, போன பார்வை திரும்பாது, ஆயுசுக்கும் சொட்டு மருந்து விட வேண்டும் என்றீர்கள். எனக்கு அது நோயாகவே தெரியவில்லை. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அவர் என் மடிக்கு வந்தார். மருந்து எரியும். எரிச்சல் அடங்கும்வரை கண்ணை இறுக்கிக்கொண்டு அப்படியே கிடப்பார். நான் நெற்றியைத் தடவிக்கொடுப்பேன்.

கப்பல் அதற்குப் பிறகு வந்தது. ஸ்கூனர் என்பார்கள். இரட்டைப் பாய்மரம் வைத்த மீன்பிடிக் கப்பல், நூறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ குளிர்க்கடலில் ஓடியதாம். செல்போனில் அதன் படத்தைப் பார்த்தவர், ஜெராக்ஸ் கடையில் வரைபடத்தைப் பெரிதாக்கி எடுத்துவந்து கூடம் முழுக்க விரித்தார். அதேபோல் சின்னதாக ஒன்று செய்யப்போவதாகச் சொன்னார். அதன் பெயர் எலன். அந்த ஊர்க்காரர்கள் கப்பலைப் பெண்ணாகத்தான் பேசுவார்களாம். அவரும் அப்படியே பேச ஆரம்பித்தார்.

"அவளுக்கு இடுப்புக்கிட்ட ஒடுங்கி வரணும் காளி. அம்புட்டு அழகும் அங்கதான் இருக்கு."

நான் தோசைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

மெல்லிய மரச்சட்டங்களை வளைக்க ஆவியில் வேகவைக்க வேண்டும் என்று என் இட்லிக் கொப்பரையைக் கேட்டார். கொடுத்தேன். மில் நூலில் மெழுகு தடவி அவளுக்குக் கயிறு திரித்தார். மீன் பிடிக்கப் போகும் குட்டிப் படகுகளைச் செதுக்கி, கிண்ணங்களைப் போல ஒன்றுக்குள் ஒன்றாகத் தளத்தில் அடுக்கினார். மிளகு பருமனில் கப்பிகள் செய்து துளை போட்டார். நல்ல வேலைப்பாடு. இல்லையென்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் மருந்து விட்டதும் மடியில் கிடப்பது நின்றுபோனது. மூடிய கண்ணோடு எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு மேஜைக்குப் போய்விடுவார். எரிச்சல் அடங்கிக் கண் திறக்கும்போது அவர் எதிரில் அவள் இருப்பாள்.

பாய்களுக்கு முதலில் எங்கள் ஊரில் நெய்யும் பேண்டேஜ் துணியை வைத்துப் பார்த்தார். "காத்து ஒழுகிரும்" என்று எடுத்துவிட்டார். பிறகு தன் பட்டுக்கரை வேட்டியைக் கிழித்துத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்தார். மகள் கல்யாணத்துக்கு நான் எடுத்துக்கொடுத்த வேட்டி. அதைத் தைக்க இந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் நஸீபா என்ற தையற்காரியைப் பிடித்தார். அவர் போனில் பேசினால் அவள் குரல் அடுப்படிவரை கேட்கும்.

"எலனுக்குப் பாவாட ரெடியாம்மா?"

"எங்க வீட்டு பாய்க்குச் சட்ட தைக்கவே நேரமில்ல. இதுல ஒங்க வீட்டுக் கப்பலுக்கு வேற பாய் தைக்கணுமாண்ணே?"

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நஸீபா தங்கமான பெண். அவர் அங்கே போகும்போதெல்லாம் நான்தான் அதிரசம் கொடுத்துவிடுவேன். சந்தேகம் என்று எதுவும் இல்லை. அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தேன், அவ்வளவுதான்.

கப்பலின் பின்பக்கத்தில் பெயர் எழுத வேண்டும் என்று ஒருநாள் பேச்சு வந்தது. என் பெயரை எழுதலாமே என்றேன். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"கிறுக்கி, இது நெசமா ஓடுன கப்பலுட்டி. பேர மாத்துனா அவ அவளா இருக்க மாட்டா."

சரிதான் என்று சொல்லிவிட்டுக் குழம்புக்குப் புளி கரைக்கப் போனேன்.

மறுநாள் காலையில் மருந்து தீர்ந்திருந்தது. கடை திறக்கவில்லை. வேளை தவறக் கூடாது என்பது நீங்கள் சொன்னதுதான். தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆற்றி, சுத்தமான துணியில் வடிகட்டிப் புட்டியில் ஊற்றினேன். அவர் படுத்தார். ஒரு சொட்டு விட்டேன். எரிச்சலுக்குத் தயாராக முகத்தைச் சுளித்தவர், மெதுவாகக் கண்ணை விரித்து என்னைப் பார்த்தார்.

"எரியவே இல்லையே காளி. என்ன கைப்பக்குவம்ட்டி ஒனக்கு."

செத்த நேரம் எழுந்திருக்கவே இல்லை. என் காதோரத்து நரைமுடியை ஒதுக்கிவிட்டார். கல்யாணமான புதிதில் பார்த்த அதே பார்வை. மருந்து அவர் கண்ணை மூடவைத்தது, டாக்டர். தண்ணீர் என்னைப் பார்க்கவைத்தது. நீங்களும் பெண்தான், உங்களுக்குப் புரியும்.

அதற்காக மருந்து வாங்காமல் இருக்கவில்லை. மாதாமாதம் வாங்கினேன். பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு நடுவே எல்லாம் உறை பிரிக்காமல் இருக்கின்றன. உங்களிடம் பரிசோதனைக்கு வரவேண்டிய நாட்களில் தேர்க்கூட்டம் என்றேன், மகள் வருகிறாள் என்றேன். அவருக்கும் கப்பலை விட்டு நகர மனமில்லை. அந்த விஷயத்தில் எலன் எனக்குத்தான் உதவி செய்தாள்.

பார்வை ஓரத்திலிருந்து போகும், நேரே இருப்பது கடைசிவரை தெரியும் என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. எப்போதும் அவருக்கு நேராகவே உட்கார்ந்தேன்.

இரண்டு வருஷத்தில் கை அருகே வைத்த உளியைத் தேட ஆரம்பித்தார். நிலைக்கதவில் தோளை இடித்துக்கொண்டார். "வயசாகுதுல்லங்க" என்றேன். பஞ்சு மார்க்கெட்டுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருவார். இந்த வயதிலும் கைகோத்துக்கொண்டு போகிறார்கள் பார் என்று தெருவில் சொன்னார்கள். எனக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது.

போன மாதம் ஒருநாள் தூரிகையை எடுத்தார். "படத்துல எலனோட எழுத்து எனக்குப் பிடிபட மாட்டேங்கு. ஒம் பேரையே எழுதிருதேன்" என்றார். முகத்தைப் பலகையோடு ஒட்டி வைத்துக்கொண்டு எழுதினார். 'காளீஸ்' வரை பலகையில் இருந்தது. மிச்ச எழுத்து விளிம்பைத் தாண்டி மேஜைவிரிப்பில் போயிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

"நல்லா வந்திருக்கா?"

அழகாக வந்திருக்கிறது என்றேன். அது பொய் இல்லை. அந்த மேஜைவிரிப்பை நான் இன்னும் துவைக்கவில்லை.

இன்று கடைசிப் பாயை வாங்க இருவரும் பஸ்ஸில் வந்தோம். நஸீபா அவருக்குப் பக்கத்தில் டீ வைத்தாள். பாயை வாங்கக் கையை நீட்டியவர் டம்ளரைத் தட்டிவிட்டார். அவள் அவர் காதருகே கையை ஆட்டிப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை.

"மயினி, அண்ணனுக்குப் பக்கத்துல எதுவுமே தெரியல. நீங்க கவனிக்கலையா?"

ஓடிக்கொண்டிருந்த மிஷினை அப்படியே நிறுத்திவிட்டு ஆட்டோ பிடித்து எங்களை இங்கே கூட்டிவந்தாள். அவருடைய கண்ணைப் பற்றி இன்னொருத்தி எனக்குச் சொல்லவேண்டியிருக்கிறதே என்றுதான் கசப்பாக இருந்தது.

பிறகு உங்கள் நர்ஸ் புதுப் புட்டியைப் பிரித்து மருந்து விட்டார். என் வீட்டுக்காரர் துடித்துப்போய்க் கண்ணை இறுக்கினார். எரிகிறதே, இது வேறு மருந்தா என்று கேட்டார். வழக்கமாக விடும் அதே மருந்துதான் என்றார் நர்ஸ். அவர் கண்ணைத் திறக்காமலே நான் நிற்கும் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நீ விட்டா எரியாதுல்ல காளி" என்றார்.

கைப்பக்குவம் என்று இந்த முறை சொல்லவில்லை.

ஆமாம் டாக்டர், தண்ணீர்தான் விட்டேன். தெரிந்தேதான் விட்டேன். யாரிடம் சொல்லவேண்டுமோ சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் கெடுதலான எதையும் அவர் கண்ணில் நான் விட்டதில்லை. வலது கண் போய்விட்டது, இடது கண்ணில் குழாய் வழியே பார்ப்பதுபோலக் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்கிறீர்கள். அந்தக் கொஞ்சத்தில் என் முகம் முழுசாக அடங்குகிறது. அவரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

மருந்துச் சீட்டை என் கையில் கொடுங்கள். இனியும் நான்தான் விடவேண்டும். வேறு யார் கையும் அவருக்குப் பழக்கமில்லை.

கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். கண்ணாடிக் கதவு வழியே பாருங்கள், நஸீபா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். சற்றுமுன் நான் கதவைத் திறந்து "ஏங்க" என்று கூப்பிட்டேன் அல்லவா? நஸீபா திரும்பினாள். அவர் திரும்பவில்லை. அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். நான் பக்கவாட்டில் நின்றேன், அதனால்தான். நேரே போய் நின்றால் என்னைப் பார்ப்பார்.