எங்கள் மூச்சை அளந்த கட்டுரை

தலைமை ஏற்றிருக்கும் பீங்கான் தொழிலாளர் சங்கத் தலைவர் சக்கரபாணி அண்ணன் அவர்களே! ஆய்வுகளுக்கு அரசுப் பணம் ஒதுக்கும் துறையிலிருந்து வந்திருக்கும் ஜெயராஜ் ஐயா அவர்களே! வாசலோரம் நிற்கும் நெட் சென்டர் அமீனுதீன் பாய் அவர்களே! முந்தானையால் வாய்பொத்தி இருமிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! எங்கள் ஊர்ச் சாமி பழமலைநாதரை நினைத்து வணங்குகிறேன். என் நாத்தனார் நீலாவதி வரவில்லை. அவளால் எழுந்து நடக்க முடியவில்லை.

பொம்மைப் பட்டறையில், அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மைகளின் பிசிறைச் சீவித் தேய்ப்பது அவள் வேலை. தேய்க்கத் தேய்க்கத் தூசி. மூச்சிழுக்க இழுக்கத் தூசி! இரண்டாண்டுக்கு முன் அரசுப் பணத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். குழாயில் ஊதச் சொன்னார்கள். தூசி அளக்கும் பெட்டியை அவள் தோளில் மாட்டினார்கள். "எனக்கு நகை போட்டு வுட்டுருக்காங்க பாரு அண்ணி!" என்று சிரித்தாள். போனவர்கள் திரும்பவில்லை.

கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்திருப்பதைப் பாய்தான் கண்டுபிடித்தார்.

"தேய்க்கிற விதத்துல சின்னதா ஒண்ண மாத்துனா தூசி பாதியா கொறையுதுன்னு மேலாக்க சுருக்கத்துல போட்டுருக்குதுக்கா."

"எதை மாத்தணும் பாய்?"

"அது உள்ளார இருக்குது. தொறக்க பத்திரிகைக்காரன் டாலர் கேக்குறான். அதுவும் கார்டுலதான் கட்டணுமாம்."

"நாங்க ஊதுன மூச்சுக்கு எங்ககிட்டயே டிக்கெட்டா?"

எழுதியவர்களைக் கேட்டோம். உரிமையைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார்களாம்; அதனால் தர முடியாதாம்.

பட்டறைப் பெண்கள் தாங்களே யோசித்து ஒரு ஃபேன் வாங்கி வைத்தார்கள். நீலாவதி முகத்துத் தூசி போயிற்று. எங்கே போயிற்று? எதிர்மேசைக்கு! எதிர்மேசையில் யார்? அவள் பெற்ற மகள் கயல்விழி! தாய் படுத்துவிட்டாள். மகளும் இருமுகிறாள்.

என்ன தம்பி, "வேலைய வுட்டுடச் சொல்லுங்க" என்கிறீர்களா? உலை வைக்க அரிசி நீங்கள் தருவீர்களா?

மண் எவர் மண்? மூச்சு எவர் மூச்சு? ஆய்வுக்குக் கொடுத்த பணம் எவர் பணம்? விடைக்கு மட்டும் ஏன் வேறொருவர் பூட்டு?

கொளஞ்சியப்பர் கோயிலில் எங்கள் குறையைப் பிராதாகச் சீட்டில் எழுதிக் கட்டச் சொல்கிறார்கள். கட்டுவேன். ஆனால் இந்தப் பூட்டைப் போட்டது தெய்வமில்லையே! கைதட்டாதீர்கள் தாயே, ஐயா காதில் விழட்டும். அரசுப் பணத்தில் நடக்கும் எந்த ஆய்வும், அச்சேறும் நாளிலேயே எல்லோரும் இலவசமாகப் படிக்கத் திறந்திருக்க வேண்டும் என்று கட்டாய விதி எழுதுங்கள்!

பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். ஐயா, கயல்விழி நாளைக்கும் வேலைக்குப் போகிறாள். அவள் எதை மாற்ற வேண்டும்? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.