எங்கம்மாவுக்கும் மிசஸ் போடு

ஹலோ... ஆமா, ஒர்லீன்தான் பேசறேன். சொல்லு கேட்லின்... வந்துச்சும்மா, உங்க பதிப்பகத்துலேருந்து என்னப் பத்தின பிள்ளைங்க புத்தகத்தோட பக்கமெல்லாம் வந்துச்சு, பாத்தேன்... ஆமா ஆமா, படம் அழகாத்தான் இருக்கு. வெள்ளைக்காரப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல மொத கறுப்புப் பிள்ளையா நான் போறேன், அம்மா கையப் புடிச்சிக்கிட்டு. அந்த மஞ்சக் கவுனுகூட அப்படியே இருக்கு... இரும்மா, நான் இன்னும் முடிக்கல. ஒன்பதாம் பக்கத்த எடு.

எடுத்தியா? படி... ம்... "மிசஸ் ஹாட்லி வாசலில் நின்றார். வெர்டெல் மகளுடன் வந்தார்." தலைமையாசிரியை மிசஸ், எங்கம்மா மட்டும் வெறும் வெர்டெல்லா?... பிள்ளைங்களுக்கு நெருக்கமா இருக்குமா? யாரு சொன்னா?... இல்ல, கோவிக்கல. நான் கோவிச்சா உனக்கே தெரியும்.

கேளு. அப்போ ஆலபாமால எந்த வெள்ளைக்காரரும் ஒரு கறுப்புப் பொம்பளைய மிசஸ்னு கூப்பிட மாட்டாங்க. கடையில, கோர்ட்டுல, ஆஸ்பத்திரியில, எங்கயும். வயசு எழுபதானாலும் வெறும் பேருதான். அந்த ஹாட்லி எங்கம்மாவ விட பன்னெண்டு வயசு சின்னவ. எல்லார் முன்னாடியும் "வெர்டெல், இங்க வா"ன்னா. எங்கம்மா நகரல. "மிசஸ் பிக்கன்ஸ்னு கூப்பிடுங்க, வரேன்"னாங்க... எங்க கூப்பிட்டா? மணியடிச்சு எல்லாப் பிள்ளைங்களும் உள்ள போயாச்சு, நாங்க ரெண்டு பேரும் மழையில நிக்கறோம்... மூணு நாளும்மா. நாலாம் நாள் வாயே தொறக்காம கதவ மட்டும் தொறந்துவிட்டா.

என்னது?... ரெண்டு பேருக்குமே மிசஸ எடுத்துடலாமா? நல்லா இருக்கே. அவளுக்குக் கொறைச்சுட்டா எங்கம்மாவுக்குக் கூடிடுமா?

இன்னிக்கே அச்சுக்குப் போகுதா? நிறுத்து... முடியாதா? அப்ப என் பேர எடு, என் மூஞ்சிய எடு, அட்டையில வேற யாரையாவது வரைஞ்சுக்கோ. நீ அனுப்பின சம்மதக் கடிதம் இன்னும் என் மேசையிலதான் கெடக்கு, கையெழுத்துப் போடாம... ஆமா, மிரட்டத்தான் செய்யறேன்.

...

மாத்தறியா? என்னன்னு மாத்துவ?... ம்... இல்லம்மா, முழுசாச் சொல்லு... இன்னொரு தடவ, கொஞ்சம் சத்தமா.

மிசஸ் வெர்டெல் பிக்கன்ஸ். அவ்வளவுதான். அதச் சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு உனக்கு? அந்தப் பள்ளிக்கூடத்துல நான் படிச்ச ஆறு வருஷமும் ஒருத்தரும் சொல்லல. மாத்தின பக்கத்த அனுப்பு, கண்ணால பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன். வெக்கறேன்.