வயசுத் திருத்தம்

இல்ல தம்பி, நல்லாப் பாருங்க. அட்டையில அறுபத்து மூணுன்னுதான் இருக்கு, நான் இல்லேங்கல. ஆனா எனக்கு அறுபத்தேழு. வெளிய பெஞ்சுல கருப்புக் குடையோட உக்காந்திருக்காளே, அவ என் தங்கச்சி. அவளுக்குத்தான் அறுபத்து மூணு. அவ அட்டையில பாத்தா அறுபத்தேழு. ரெண்டும் இடம் மாறிக் கெடக்கு.

சிரிப்பு வருதுல்ல? வரும் வரும். அறுபத்தஞ்சு முடிஞ்சாத்தானே பென்ஷனும் இலவச வைத்தியமும் குடுக்கறீங்க? தங்கச்சி ரெண்டு வருஷமா வாங்கறா, அக்கா நான் வாயைப் பாத்துட்டு நிக்கறேன். ஒரே வீடு, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். மாசாமாசம் நர்ஸம்மா வருவாங்க. அவ கையில பட்டையைச் சுத்திப் பிரஷர் பாப்பாங்க. இந்த வயசுலயும் என்னமா இருக்கீங்கன்னு கன்னத்தைத் தட்டுவாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, நீங்க சின்னவங்கதானே, அதுக்குள்ள ஏன் இப்படித் தளர்ந்துட்டீங்கம்பாங்க. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. பொறாமையான்னா பொறாமைதான். வயிறு எரியுது. அவளுக்கு ஒரு நரை கெடையாது தம்பி. பல்லு ஒண்ணு விழல.

கல்யாணமா? அவ பண்ணிக்கல. தையல் கம்பெனியில முப்பது வருஷம் காஜா எடுத்தா. எனக்குத்தான் ஆச்சு. லேத் பட்டறைக்காரர், தங்கமான மனுஷன். கடைசி வரைக்கும் ஒரு அதட்டு அதட்டினதில்ல. போயி ஆறு வருஷமாச்சு. பட்டறையில ஏது பென்ஷன்? ஒரே பையன், அவன் பாடே இழுபறி.

அவசரமா, அவசரந்தான். கண்ணுல அழுத்தம் ஏறிப்போச்சு. போன பார்வை திரும்பாது, இருக்கறதையாவது காப்பாத்தணும், சீக்கிரம் ஆபரேஷன் பண்ணுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். இடது கண்ணு ஏற்கெனவே பாதி. அந்த வைத்திய அட்டை இருந்தா நாளைக்கே பண்ணிடலாம்.

தெரியும், என் வயசைத் திருத்தினா அவ வயசு இறங்கும், அவ பென்ஷன் நிக்கும். நிக்கட்டுமே. ரெண்டு வருஷம் நான் காத்துக் கெடக்கல? இதை நான் வாய் விட்டுக் கேக்கறதுக்குள்ள அவளே வெறும் தாள்ல கையெழுத்துப் போட்டு மடிச்சு நீட்டினா. எழுதிக்கக்கா, உன் கண்ணுதான் முக்கியம்னா. அதுலயும் அவதான் நல்லவ, பாத்துக்கங்க.

எப்படி மாறிச்சா? அது அந்தக் காலத்துல வீடு வீடா அட்டை எழுத வந்த ஆள் பண்ணின கூத்து. வெயில் நேரம், அவசரத்துல மாத்திப் போட்டுட்டுப் போயிட்டான்.

அப்படி எழுதக் கூடாதா? சரியான காரணம் வேணுமா? பொய்னு பின்னால தெரிஞ்சா ரெண்டு பேருக்குமே கெடையாதா?

சரி, பேனாவைக் கீழ வைங்க, சொல்றேன். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அந்த ஆள் வாசல்ல நின்னு கேட்டான், நான்தான் பதில் சொன்னேன். எனக்குப் பத்தொம்பது, அவளுக்கு இருபத்து மூணுன்னு. முந்தின நாள்தான் பட்டறைக்காரர் வீட்டுல ஆள் விட்டிருந்தாங்க. எங்களைப் பாத்ததில்ல. ரெண்டு பொண்ணுல சின்னவளைக் குடுங்கன்னு கேட்டாங்க. நான் சின்னவளாயிட்டேன். அப்பா அட்டையைப் பாத்தார், என்னைப் பாத்தார், மூத்தது முதல்ல போகட்டும்னு விட்டுட்டார்.

அவளுக்குத் தெரியாது. எழுதினவன் தப்புன்னே இன்னிக்கும் நெனச்சிட்டிருக்கா.

என்னது, காரணத்தை அவளுக்குப் படிச்சுக் காட்டித்தான் ஆகணுமா? உங்க முன்னால, வரி வரியா?

அவ கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை இப்படிக் குடுங்க தம்பி. வேணாம், மடிச்சது மடிச்சபடி இருக்கட்டும். அவ கேட்டா, ரெண்டு வருஷம் கழிச்சு வரச் சொன்னாங்கன்னு சொல்லிடுங்க. கண்ணு பாதி தெரியுதே, போதும். முறைப்படி அவளுக்கு அப்புறம்தான் எனக்கு. நான்தானே சின்னவ.