ஆறாம் நாள் தயிர்

ராஜினி: கண்ணை மூடு யது. வாயைத் திற... ஆ.

யதுர்ஷிகா: ம்ம்...

ராஜினி: என்ன ம்ம்? சொல்லன்.

யதுர்ஷிகா: பொறுங்கோ அன்ரி, வெள்ளரிக்காய் வாய்க்குள்ள கிடக்கு.

ராஜினி: விழுங்கிப்போட்டுச் சொல்லு. இண்டைக்கு உள்ளிப்பல்லு அரைவாசிதான். பச்சைமிளகாயும் இல்ல, மிளகு. தயிரைத் துணியில கட்டி, தண்ணியெல்லாம் வடிய விட்டு...

யதுர்ஷிகா: ம்ஹும். அம்மா செய்யிற மாதிரி இல்ல.

ராஜினி: கிட்டவாவது வந்திட்டுதோ?

யதுர்ஷிகா: கொஞ்சம்... யாழ்ப்பாணத்தில இருந்து வெளிக்கிட்டு, பரந்தனில நிக்கிற மாதிரி.

ராஜினி: அவ்வளவு கிட்டவோ! அப்ப எங்கட வட்டக்கச்சி வீட்டுக்கு நடந்தே வந்திடலாம்.

பிரதாபன்: இந்தாங்கோ, தேசிக்காய். இண்டைக்கும் தயிரோ? தயிர்க்காரன் என்னை வழியில மறிச்சுக் கேக்கிறான், ஆறு நாளா முட்டி முட்டியாப் போகுது, வீட்டில என்ன விசேஷம் எண்டு.

ராஜினி: நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

பிரதாபன்: வெள்ளரிக்காய்க்குக் கலியாணம் எண்டனான்.

யதுர்ஷிகா: அப்பா!

பிரதாபன்: பின்னை என்ன? எங்களுக்குக் கலியாணம் முடிஞ்சு மூண்டு மாசம். நான் ஒரு முட்டைப்பொரியல் கேட்டு, அது இன்னும் வரேல்ல. இவளுக்கு மட்டும் கரட்டென்ன, வெள்ளரிக்காயென்ன, கொய்யாக்காயென்ன... தொட்டுத் தின்னத் தயிரென்ன!

ராஜினி: பிள்ளை மரக்கறி தின்னுது. கண் வைக்காதேங்கோ.

பிரதாபன்: கண் வைக்கேல்லையப்பா. தாய் கண்ணை மூடி இந்த ரெண்டு வருசமாக் குசினிப் பக்கமே எட்டிப் பாராத பிள்ளை, கதிரை போட்டு இருக்கிது. சந்தோசத்தில சொல்லுறன்... சரி யது, அம்மா இதுக்குள்ள என்னதான் போட்டவாவாம்?

யதுர்ஷிகா: அதுதான் சொன்னனான்தானே... உள்ளி.

ராஜினி: உள்ளி செவ்வாய்க்கிழமை. பிறகு சின்னச்சீரகம் வறுத்து. வியாழன் கச்சான் கடலை இடிச்சு. நேற்று எள்ளு.

பிரதாபன்: கச்சானோ? தயிருக்கயோ? அவள் எப்ப...

ராஜினி: இஞ்சாருங்கோ, தண்ணி மோட்டர் ஓடுது. போய் நிப்பாட்டுங்கோ.

பிரதாபன்: ஓடேல்லையே.

ராஜினி: அப்ப போய் ஓட விடுங்கோ.

பிரதாபன்: சரி சரி, போறன். உப்பிடிக் கஷ்டப்படத் தேவையில்லயப்பா. நாளைக்கு உடையார்கட்டில இருந்து நேசமலர் மச்சாள் வாறாவெல்லே? கூடப்பிறந்த தங்கச்சின்ர கைப்பக்குவம் அவாக்குத் தெரியாதே? கேட்டா ஒரு நிமிசத்தில சொல்லிப்போடுவா.

ராஜினி: என்ன பிள்ளை, கரண்டியை வைச்சிட்டாய்? இந்தா, கரட்டில தொட்டுப் பார். தேசிக்காய் இன்னும் கொஞ்சம் பிழியட்டோ?

யதுர்ஷிகா: அன்ரி...

ராஜினி: ம்ம்?

யதுர்ஷிகா: பெரியம்மாட்டக் கேக்காதேங்கோ.

ராஜினி: ஏன்?

யதுர்ஷிகா: சும்மா... அவாக்கு வயசு போட்டுது. மறந்திருப்பா.

ராஜினி: நாப்பத்தஞ்சு வயசிலயோ? இஞ்ச பார். அழுறியோ? மிளகு கூடிப் போச்சோ?

யதுர்ஷிகா: இல்ல... மிளகில்ல.

ராஜினி: அப்ப?

யதுர்ஷிகா: சொன்னா ஏசமாட்டீங்களோ?

ராஜினி: மாட்டன்.

யதுர்ஷிகா: அப்பாட்டயும் சொல்லக் கூடாது.

ராஜினி: அவருக்கு முட்டைப்பொரியல் குடுத்தா வேறை ஒண்டும் கேளார். சொல்லு.

யதுர்ஷிகா: அம்மா... அம்மா இது செய்யேல்ல.

ராஜினி: எது, மிளகு போட்டதோ?

யதுர்ஷிகா: ஒண்டுமே செய்யேல்ல. வெள்ளரிக்காயை வெட்டி உப்புத்தூளும் மிளகாய்த்தூளும் தூவித் தருவா. அவ்வளவுதான். உள்ளி, கச்சான், எள்ளு... எல்லாம் நானாச் சொன்னது.

ராஜினி: ஓ...

யதுர்ஷிகா: திங்கட்கிழமை நீங்கள் வெள்ளரிக்காயோட தயிர் வைச்சுத் தரக் கோவத்திலதான் சொன்னனான், அம்மா செய்யிற மாதிரி இல்லையெண்டு. நீங்களும் கோவிப்பீங்கள் எண்டு பாத்தன். நீங்கள் கோவிக்கேல்ல. அப்ப அம்மா என்ன போடுறவா, வந்து சொல்லித் தாவன் எண்டு கதிரையை இழுத்துப் போட்டீங்கள்...

ராஜினி: ஓம்... போட்டனான்.

யதுர்ஷிகா: செவ்வாய்க்கிழமையே நல்லா இருந்தது. பள்ளிக்கூடத்துக்கும் கொண்டு போகலாம் போல இருந்தது. ஆனா... சரி வந்திட்டுது எண்டு சொன்னா, பிறகு நீங்கள் என்னைக் கூப்பிடமாட்டீங்களெல்லே. அதுதான்...

ராஜினி: கிட்ட வா. கையெல்லாம் தயிர், பரவாயில்ல, வா... உன்ர அம்மாவுக்குத் தயிர் மணமே ஒத்துவராதாம். மோர் காய்ச்சின வீட்டில தண்ணியும் குடியாவாம்.

யதுர்ஷிகா: ஓம், மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடிடுவா... பொறுங்கோ. அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

ராஜினி: அப்பாவுக்குத் தன்ர தட்டில இருக்கிறதைத் தவிர ஒண்டும் தெரியாது; திங்கட்கிழமை பின்னேரமே பெரியம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்டனான்.

யதுர்ஷிகா: திங்கட்கிழமையோ! அப்ப... கச்சான்?

ராஜினி: இடிச்சனான்.

யதுர்ஷிகா: எள்ளு?

ராஜினி: வறுத்தனான். முதல் தரம் கருகி, திருப்பியும் வறுத்தனான்.

யதுர்ஷிகா: பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டும் ஏன் செய்தனீங்கள்... சின்னம்மா?

ராஜினி: மூண்டு மாசமா வாசலில நிண்டு தட்டை வாங்கிக்கொண்டு போன பிள்ளை, அண்டைக்குத்தான் உள்ளுக்கு வந்து இருந்தனீ. சரி வந்திட்டா எழும்பிப் போயிடுவியோ எண்டு எனக்கும் பயம்... மூக்கைத் துடை. நாளையான் தயிருக்கு என்ன குறை எண்டு இப்பவே யோசிச்சு வை.