என் பெயரில் பூட்டிய டிராயிங்

டீக்குச் சர்க்கரை வேண்டாம், சார். மற்றபடி எனக்கென்று பெரிய விருப்பு வெறுப்புகள் கிடையாது. மேஜை துடைத்திருக்க வேண்டும், ஃபைல் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். டிசைன் பிரிவின் டிராயிங்குகளைப் பதினெட்டு வருஷமாகக் காத்துவந்தவன் நான்.

கட்டட வேலை நடக்கும் இடங்களில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு லிஃப்ட்டுகளை எங்கள் கம்பெனி செய்கிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் கம்ப்யூட்டரில் ஒரு டிராயிங். திருத்துகிறவர் அதைச் செக்-அவுட் செய்தால் அது அவர் பெயரில் பூட்டிக்கொள்ளும். பிறகு யார் தலைகீழாக நின்றாலும் அதில் ஒரு கோடு போட முடியாது. திருத்தி அவர் உள்ளே வைத்ததும் நான் பார்த்து ஏற்றுக்கொள்வேன். அப்போதுதான் புது ரிவிஷன் நம்பர் விழும். ஒர்க்‌ஷாப்பில் கடைசி ரிவிஷனைப் பார்த்துத்தான் இரும்பை வெட்டுவார்கள். பூட்டைத் திறப்பதும் பெயரை மாற்றுவதும் என் ஒருவனால்தான் முடியும்.

என் தம்பி அங்கேயே டிசைன் இன்ஜினியர். வீட்டில் ஒருவரைத்தான் மேலே படிக்கவைக்க முடியும் என்று ஆனபோது அப்பா அவனைப் படிக்கவைத்தார். நான் பன்னிரண்டாவதோடு நிறுத்திக்கொண்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். தம்பி நல்ல மூளைக்காரன். ஆனால் சரியான அவசரக்குடுக்கை. போன வருஷம் ஒரு டிராயிங்கைச் செக்-அவுட் செய்யாமலே, தன்னிடமிருந்த நகலைத் திருத்திப் பிரின்ட் எடுத்து நேராக ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டான். கேட்டதற்கு, எல்லார் முன்னாலும் என் தோளில் கைபோட்டு, "சாவிக் கொத்த நீயே இடுப்புல சொருகிக்கண்ணே, நாங்க வேலையப் பாக்கறோம்" என்றான். மேனேஜர்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாளே, என் முத்திரை இல்லாத தாளை ஒர்க்‌ஷாப் தொடக் கூடாது என்று ஒரு விதி எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

கூண்டைத் தாங்கும் 'பின்' என்கிற இரும்பு முளை ஒன்று உண்டு. மூன்றாவது ரிவிஷனில் அதன் தடிமன் பதினெட்டு எம்.எம். ஒரு செவ்வாய்க்கிழமை தம்பி கணக்கைச் சரிபார்த்து, இருபத்தெட்டு இருந்தால்தான் தாங்கும் என்று கண்டுபிடித்தான். என்னிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான். வந்து பார்த்தபோது டிராயிங் என் பெயரில் பூட்டியிருந்தது.

"தெரியாம உன் பேர்ல எடுத்துட்டியாண்ணே? விட்டுடு, பத்து நிமிஷ வேலை."

"ஆய்வுல இருக்கு. படிவம் எழுதிக் கொடு" என்றேன்.

கொடுத்தான். தேதி போடவில்லை, திருப்பினேன். தேதி போட்டு வந்தான், மேனேஜர் கையெழுத்து இல்லை. அவர் பத்து நாள் லீவில் இருந்தார். வெள்ளிக்கிழமை என் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டான். "ஆளுங்க ஏறுவாங்கண்ணே. உன் கால்ல வேணா விழறேன்."

அவன் என்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. மனசு இளகிவிட்டது, பூட்டைத் திறந்தேன். இருபத்தெட்டு என்று மாற்றி உள்ளே வைத்துவிட்டு, "தேங்க்ஸ்ணே" என்று போனான். நான் ஏற்றுக்கொள்ளவில்லை. படிவத்தில் கையெழுத்து இன்னும் வரவில்லை அல்லவா?

திங்கட்கிழமை ஃபோர்மேன் போன் செய்தார். "பின்னுக்குப் புதுசு வருதுன்னு தம்பி சொன்னாரே. வந்துடுச்சா, இல்ல பழசையே ஓட்டவா?"

கடைசி ரிவிஷன் மூன்று என்று சொன்னேன். திரையில் அப்படித்தான் இருந்தது. முத்திரை போட்ட தாளையும் அனுப்பினேன்.

மேனேஜர் லீவிலிருந்து வந்தார். அவரிடம் நான் எதையும் நினைவூட்டவில்லை. பதினெட்டு எம்.எம். பின்களே கட்டட வேலை இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த மாதம் பதினோராவது மாடியிலிருந்து கூண்டு விழுந்தது. ஆறு பேர். செய்தி வந்த காலையில் டீ குடித்து முடித்துவிட்டு டிராயிங்கைத் திறந்தேன். தம்பி உள்ளே வைத்ததை அழித்தேன். செவ்வாய்க்கிழமை முதல் என் பெயர் இருந்த இடத்தில் அவன் பெயரைப் போட்டேன். மாற்றத்துக்குக் காரணம் எழுதாமல் மெஷின் விடாது. 'பெயர்த் திருத்தம்' என்று எழுதினேன். நீங்கள் எடுத்துவந்திருக்கும், மெஷின் தானாகச் சேமித்துவைத்த பழைய நகலில் என் பெயர்தான் இருக்கிறது. மறுப்பதற்கில்லை.

அவனைக் கைது செய்த பிறகு ஒரு முறை பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். பாதியாக இளைத்திருந்தான்.

"உள்ள வச்சேன்னுதான் நெனச்சிட்டிருந்தேண்ணே. வைக்கவே இல்லபோல. ஆறு பேருண்ணே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"நல்லா ஞாபகப்படுத்திப் பாரு" என்றேன்.

"என் ஞாபகம் என்ன பெருசு? நீ வச்சிருக்கற ரெக்கார்டுண்ணே, அது தப்பா இருக்குமா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சார். இத்தனை வருஷத்தில் என் வேலையை அவன் மதித்துப் பேசியது அன்றுதான்.