நாதம் வந்த காலை

குளிர்காலத்தில் மூங்கில் குழலை எடுத்தவுடன் ஊதக் கூடாது, ஐயா. சட்டைக்குள் வைத்து உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் பதமாக்க வேண்டும். இல்லாவிட்டால் விரிசல் விட்டுவிடும். நான் அவசரப்படுகிறவன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் ஷாகுஹாச்சி என்கிற இந்தக் குழலைக் கற்கப் போனேன். ஆசிரியர் இசோகாய் எனக்குப் பாட்டு எதையும் தரவில்லை. எல்லாத் துளைகளையும் மூடி, ‘ரோ’ என்கிற அடி ஸ்வரத்தை மட்டும் ஒரே மூச்சில் நீளமாக ஊதச் சொன்னார்.

"விரலை மறந்துடுங்க. முதல்ல நாதம் வரட்டும்" என்றார்.

உதடு நெல் பருமன் விலகினாலும் வெறும் காற்றுதான் வரும். தினமும் காலையில் அதையே ஊதினேன். வருடங்கள் போயின. என்னோடு சேர்ந்தவர்கள் மேடை ஏறினார்கள். எனக்குக் காற்றுதான் வந்துகொண்டிருந்தது.

என் மனைவி கினுயோவுக்குப் பொறுமை போதாது. குறையாகச் சொல்லவில்லை. எங்கள் நீகாதா பக்கம் கூரைப் பனியை அவ்வப்போது தள்ளாவிட்டால் வீடு தாங்காது. அன்று காலை கதவை விலக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, கூரை முனகுது. கொஞ்சம் மேல ஏறுறீங்களா?"

"இந்த ஸ்வரம் முடியட்டும்."

"அது முடியறதுக்குள்ள பனி தானா உருகிடும். ஊதுங்க, நல்லா ஊதுங்க. உங்க மூச்சுக்கு ஒரு பொட்டுப் பனிகூட அசையாது."

ஏணியைச் சாத்தி அவளே கூரைக்கு ஏறினாள்.

கொஞ்ச நேரத்தில் பனி மொத்தமாகச் சரிந்தது. என் அறை ஜன்னல் இருண்டது. சுவருக்கு அந்தப் பக்கம், பனிக்கு அடியிலிருந்து அவள் குரல் கேட்டது.

"ஏங்க... இங்க இருக்கேன்... ஏங்க..."

குழல் அப்போது என் உதட்டில் இருந்தது. அந்த மூச்சில்தான் அது வந்தது. துளிக் காற்றுச் சத்தம் இல்லை. கனமாக, வட்டமாக, அடிவயிறு அதிரும்படி வந்தது. வந்த நாதத்தை விட்டுவிட்டால் உதடு அந்த இடத்தை மறந்துவிடும். பழகியவர்களுக்கு இது தெரியும். அதனால் அடுத்த மூச்சை எடுத்தேன். அதற்கடுத்ததையும் எடுத்தேன். பனி வாரும் இன்னொரு மண்வெட்டி வாசலிலேயே இருந்தது. அதுவும் எனக்கு நினைவிருந்தது.

குரல் நின்றது. நாதம் நிலைக்கிறதா என்று பார்க்க இன்னும் கொஞ்சம் ஊதினேன். பிறகு போய் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டேன்.

"குழல் சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது, பாவம்" என்றார்கள். நான் தலைகுனிந்தேன். காவல் நிலையத்தில் நீங்களும் விபத்து என்றே எழுதிக்கொண்டீர்கள்.

நாற்பத்தொன்பதாம் நாள் பூசையில் அவள் படத்துக்கு முன்னால் ஊதினேன். இசோகாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"துக்கம் உங்களுக்கு நாதத்தைக் குடுத்திருக்கு. கினுயோ அம்மா போன பிறகுதான் இது வந்திருக்கு."

இப்போது ஊரே அப்படித்தான் சொல்கிறது. வசந்தகாலக் கச்சேரி அறிவிப்பிலும் அதையே அச்சடித்திருக்கிறார்கள்.

அது சரியில்லை, ஐயா. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன். இத்தனை வருடப் பொறுமையை ஒரு சாவுக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசில்லை. தயவுசெய்து திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். நாதம் வந்தபோது கினுயோ உயிரோடுதான் இருந்தாள். என்னைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள்.